காணா ஒளியை அளந்தவர்

நுழையும்முன்

சூரியன் அனுப்பும் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி, நம் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிராக வருகிறது. அதனை நுட்பமாக அளக்கக் கருவி செய்தவர் கல்லூரியில் பயிலாத ஒருவர். பறக்கும் பொறி செய்ய முயன்று நாடு முழுவதன் நகைப்புக்கு ஆளானவரும் அவரே. அமெரிக்க வானியல் அறிஞர் சாமுவேல் பியர்பான்ட் லாங்லியின் வாழ்க்கையை இப்பாடம் விவரிக்கிறது.

உப்பும் நீராவியும்

இராமநாதபுரம் மாவட்டத்தில், மன்னார் வளைகுடாவின் கரையில் அமைந்துள்ளது வாலிநோக்கம். தமிழ்நாடு உப்புக் கழகத்தின் உப்பளங்கள் அங்கு உள்ளன. கடல்நீரைப் பாத்திகளில் தேக்கி, வெயிலில் வற்றவிட்டு, படிந்த உப்பை வாரிக் குவிப்பது அக்கரையின் தொழில். உப்பளத்தார் நன்கறிந்த செய்தி ஒன்றுண்டு. மழைக்காலத்தில் காற்றிலுள்ள ஈரத்தை உப்பு ஈர்த்துக்கொள்ளும். மூடாத சாடியில் இட்ட உப்பு கசிந்து நீர்விடும். இதனை மனத்திற்கொண்டு மேலே படிப்பது நல்லது. ஏனெனில், லாங்லி செய்த கருவியின் முதன்மையான உறுப்பு உப்பால் ஆனது. அவர் வாழ்நாள் முழுவதும் போராடிய இடையூறு, காற்றில் கலந்துள்ள நீராவி.

சூரிய ஒளியை முப்பட்டகத்தின் வழியே செலுத்தினால் அது ஏழு நிறங்களாகப் பிரிவதை நாம் அறிவோம். 1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் அந்நிறங்களின் மீது வெப்பநிலைமானிகளை வைத்துப் பார்த்தார். சிவப்பு நிறத்தைக் கடந்த இருண்ட பகுதியில் வைத்த வெப்பநிலைமானி கூடுதலான வெப்பத்தைக் காட்டியது. அகச்சிவப்புக் கதிர் இவ்வாறு கண்டறியப்பட்டது. ஆயினும், அந்த இருண்ட பகுதி எவ்வளவு தொலைவு நீள்கிறது, அதனுள் என்னென்ன கோடுகள் மறைந்துள்ளன என்பன அடுத்த எண்பது ஆண்டுகளுக்குப் பெரும்பாலும் விடையறியா வினாக்களாகவே இருந்தன. கண்ணால் காண இயலாது. அக்காலத்து ஒளிப்படத் தகடும் அப்பகுதியின் விளிம்பைத்தான் தொட்டது. தடவிப் பார்த்தே அறியவேண்டிய நிலை. தடவுவதற்குரிய விரல் நுண்ணியதாக இருக்கவேண்டும் அல்லவா? அவ்விரலைச் செய்தவர் லாங்லி.

வரைபலகையிலிருந்து வானாய்வகத்திற்கு

1834ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் நாள், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பாஸ்டன் நகரை அடுத்த ராக்ஸ்பரியில் லாங்லி பிறந்தார். உயர்நிலைப் பள்ளியோடு அவருடைய முறையான கல்வி நிறைவுற்றது. பின்னர்ச் சிகாகோ, செயின்ட் லூயிஸ் ஆகிய நகரங்களில் கட்டட வரைஞராகப் பல ஆண்டுகள் பணிபுரிந்தார். முப்பது வயதை நெருங்கும் வேளையில் அத்தொழிலை விட்டுவிட்டு ஊர் திரும்பினார். தம்பி ஜானுடன் சேர்ந்து தொலைநோக்கி செய்யலானார். இருவரும் ஐரோப்பா சென்று அங்குள்ள வானாய்வகங்களைச் சுற்றிப் பார்த்தனர்.

திரும்பி வந்த லாங்லிக்கு ஹார்வர்டு வானாய்வகத்தில் உதவியாளர் பணி கிடைத்தது. அதன்பின் கடற்படைக் கல்விக்கழகத்தில் சிறிது காலம் பணியாற்றினார். 1867இல் பிட்ஸ்பர்க் நகரை ஒட்டிய அலெகெனி வானாய்வகத்தின் இயக்குநரானார். பட்டம் பெறாத ஒருவர் பேராசிரியராகவும் இயக்குநராகவும் அமர்வது அக்காலத்தில் இயன்றது. இன்று இது நடவாது. நடக்கவேண்டுமா என்பது வேறு வினா.

பதவியின் பெயர் பெரிது. ஆய்வகமோ வறுமையில் கிடந்தது. ஒரு தொலைநோக்கியைத் தவிரக் குறிப்பிடத்தக்க கருவி ஏதும் இல்லை. லாங்லி கண்ட வழி வியப்புக்குரியது. அந்நாளில் ஒவ்வோர் ஊரும் தன்தன் நேரத்தைப் பின்பற்றிவந்தது. தொடர்வண்டி நிறுவனங்கள் இதனால் பெரிதும் இடருற்றன. விண்மீன்கள் உச்சத்தைக் கடப்பதைக் கவனித்துத் துல்லியமான நேரத்தைக் கணித்து, அதனைத் தந்திக் கம்பி வழியே தொடர்வண்டி நிறுவனத்திற்கு 1869 முதல் விற்கத் தொடங்கினார் லாங்லி. அவ்வருவாயில் ஆய்வகம் நிமிர்ந்தது. வானத்தைப் பார்ப்பதால் சோறு கிடைக்குமா என்று கேட்போர் இந்நிகழ்ச்சியை நினைவிற்கொள்ளலாம்.

வரைஞராகப் பழகிய கை அவருக்கு இங்கும் உதவியது. 1873 டிசம்பரில் அவர் கண்டு வரைந்த சூரியக் கரும்புள்ளியின் ஓவியம், வைக்கோல் துரும்புகளைப் பரப்பியது போன்ற நுண்ணிழைகளைக் காட்டுகிறது. அவ்வோவியம் பல நூல்களில் நெடுங்காலம் இடம்பெற்றது.

போலோமீட்டர்

சூரியன் எவ்வளவு ஆற்றலை அனுப்புகிறது? அதில் எவ்வளவைக் காற்று விழுங்குகிறது? இவ்விரு வினாக்களும் லாங்லியை விடாது பற்றின. பயிரும் மழையும் காற்றும் சூரிய ஆற்றலால் இயங்குவன. அவ்வாற்றலின் அளவை அறியாமல் வானிலையை எவ்வாறு அறிவது என்று அவர் கருதினார். அன்றிருந்த வெப்ப அளவிகள் இப்பணிக்குப் போதவில்லை. நிறமாலையில் ஒரு நூலளவு அகலத்தை மட்டும் பிரித்தெடுத்து அளக்க அவற்றால் இயலவில்லை.

1878இல் தொடங்கிய முயற்சியின் பயனாக அவர் உருவாக்கிய கருவியே போலோமீட்டர். அதன் அமைப்பு எளியது. மயிரிழை போன்ற மெல்லிய பிளாட்டினப் பட்டைகள் இரண்டினைக் கருமை பூசி, வீட்ஸ்டன் சமனச்சுற்றின் இரு கரங்களில் இணைக்கவேண்டும். ஒரு பட்டையின்மீது கதிர் விழும். மற்றொன்று நிழலில் இருக்கும். கதிர் பட்ட பட்டை சற்றே சூடேறும். அதன் மின்தடை கூடும். சுற்றின் சமநிலை குலையும். கால்வனோமீட்டரின் முள் அசையும். அறையின் வெப்பம் இரு பட்டைகளையும் ஒருசேரத் தாக்குவதால் அது கணக்கில் வாராது. இரண்டிற்கும் இடையிலான வேறுபாடு மட்டுமே வெளிப்படும். ஒரு பாகை செல்சியசில் நூறாயிரத்தில் ஒரு பங்கு வெப்ப மாற்றத்தையும் அக்கருவி காட்டியது. கால் மைல் தொலைவில் மேயும் பசுவின் உடல்வெப்பத்தையும் அதனால் உணரமுடியும் என்று மக்கள் வியந்து பேசினர்.

இக்கருவியின் சிறப்பு நுண்மையில் மட்டும் இல்லை. பட்டை மெல்லியதாக இருந்தமையால், நிறமாலையில் ஒரு கோட்டின் அகலத்தோடு அது ஒத்திருந்தது. நிறமாலைமானியில் பிளவு, இணையாக்கி, முப்பட்டகம், தொலைநோக்கி ஆகியன வரிசையாக அமைந்திருப்பதை இயற்பியல் ஆய்வகத்தில் நீங்கள் கண்டிருக்கலாம். தொலைநோக்கியில் கண் வைக்கும் இடத்தில் லாங்லி போலோமீட்டரை வைத்தார். கண்ணுக்கு எட்டாத பகுதியில் அது கண்ணாயிற்று.

விட்னி மலையில்

காற்று எவ்வளவு விழுங்குகிறது என்பதை அறியவேண்டுமானால், ஒரே சூரியனைக் காற்றின் அடியிலிருந்தும் காற்றின் மேலிருந்தும் அளந்து பார்க்கவேண்டும். காற்றுக்கு மேலே செல்ல அன்று ஊர்தி ஏதும் இல்லை, மலைதான் உண்டு. 1881ஆம் ஆண்டுக் கோடையில், கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரிலுள்ள விட்னி மலைக்கு லாங்லி குழுவினருடன் புறப்பட்டார். அம்மலையின் உயரம் 4,400 மீட்டருக்கும் மேல். பிட்ஸ்பர்க் செல்வர் வில்லியம் தா செலவை ஏற்றார். பின்னாளில் பெயர்பெற்ற வானியலர் ஜேம்ஸ் கீலர் அன்று இளம் உதவியாளராக உடன்சென்றார்.

நாட்டின் கிழக்கிலிருந்து மேற்கிற்குத் தொடர்வண்டியில் பயணம். பின்னர்ப் பாலைநிலத்தைக் கடத்தல். இறுதியில் கோவேறு கழுதைகளின் முதுகில் கருவிகளை ஏற்றிச் செங்குத்தான மலையேற்றம். அடிவார ஊரான லோன் பைனில் ஒரு குழுவும் மலைமுகாமில் மற்றொரு குழுவும் சூரியனை அளந்தன. மேலே பகல் வெயில் தோலை உரித்தது. இரவுக் குளிர் நடுக்கியது. காற்று அடர்த்தி குறைந்ததாகவும் ஈரமற்றதாகவும் இருந்தது. அகச்சிவப்புப் பகுதியில், முன்பு எவரும் எட்டாத தொலைவில் போலோமீட்டரின் முள் அசைந்தது. சூரிய நிறமாலை முடிந்துவிட்டதாகக் கருதப்பட்ட எல்லைக்கு அப்பாலும் அது தொடர்வதை லாங்லி அங்குக் கண்டார். இடையிடையே வெற்றிடங்கள் இருந்தன. அவற்றிற் பல, சூரியனின் குறையால் எழுந்தவை அல்ல. நம் வளிமண்டலத்து நீராவி விழுங்கிய இடங்கள்.

இப்பயணத்தில் அவர் கண்ட எண் ஒன்று பிழையாகிப்போனது என்பதையும் சொல்லவேண்டும். வளிமண்டலத்தின் உச்சியில் ஒரு சதுர சென்டிமீட்டரில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 3 கலோரி ஆற்றல் விழுகிறது என்று அவர் கணித்தார். உண்மை அளவு 2 கலோரிக்கும் சற்றுக் குறைவு. காற்றின் இழப்பை மிகைப்படுத்திக் கணக்கிட்டதே காரணம். அவருடைய பெயரின் மதிப்பால் அவ்வெண் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நூல்களில் நிலைத்தது. அதனைத் திருத்தியவர், அவரிடமே உதவியாளராகச் சேர்ந்த சார்லஸ் ஆபட்.

(தெரியுமா? ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் விழும் ஒரு கலோரி சூரிய ஆற்றலுக்கு ‘லாங்லி’ என்பது அலகாக வழங்கியது.)

உப்புப் பட்டகம்

மலையிலிருந்து இறங்கிய லாங்லிக்கு வேறோர் இடையூறு காத்திருந்தது. சாதாரணக் கண்ணாடி ஏறக்குறைய 3 மைக்ரோமீட்டர் அலைநீளத்திற்கு அப்பால் அகச்சிவப்புக் கதிரைத் தடுத்துவிடும். கண்ணாடி முப்பட்டகமும் கண்ணாடி வில்லையும் அங்கே சுவராகிவிடும். அவ்வெல்லையைத் தாண்டிக் கதிரைச் செலுத்தவல்ல பொருள் யாது? இத்தாலிய அறிஞர் மெலோனி முன்பே விடை கூறியிருந்தார்: பாறை உப்பு. நாம் இந்துப்பு என்று வழங்குவது அதுவே. பூமிக்கடியில் பெரும் படிகமாக விளைந்த தெளிந்த உப்பு, அகச்சிவப்புக் கதிருக்கு 15 மைக்ரோமீட்டர் வரையிலும் வழிவிடுகிறது.

உப்பைப் பட்டகமாகச் செதுக்கி மெருகேற்றுவது எளிய வேலை அன்று. கைபட்டால் கரையும்; மூச்சுப்பட்டால் மங்கும். இப்பணியைச் செய்துகொடுத்தவர் ஜான் பிரஷியர். பிட்ஸ்பர்க்கின் இரும்பு ஆலையில் இயந்திரப் பணியாளராக இருந்து, இரவு நேரங்களில் தாமே வில்லை தேய்த்துப் பழகியவர் அவர். தாம் தேய்த்த வில்லையை லாங்லியிடம் காட்டவந்ததில் தொடங்கிய நட்பு, அமெரிக்காவின் சிறந்த ஒளியியல் பட்டறை ஒன்று உருவாகக் காரணமாயிற்று. கல்லூரி காணாத இருவரின் கூட்டில் பிறந்தது அந்த உப்புப் பட்டகம்.

பட்டகம் கதிரைப் பிரித்தாலும், எந்த இடத்தில் எந்த அலைநீளம் விழுகிறது என்று அதுவே சொல்லாது. அதற்காக லாங்லி, ரோலண்டு செய்த கீற்றணியைப் பட்டகத்தோடு இணைத்துப் பயன்படுத்தினார். கீற்றணி அலைநீளத்தைக் கணக்கிட உதவும். ஆயினும் ஓரிடத்திலேயே பல வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும். படிந்தவற்றைப் பட்டகம் பிரித்துக்காட்டும். ஒன்றன் குறையை மற்றொன்று நீக்கும் இவ்விணைப்பு முறை, வெவ்வேறு வடிவங்களில் இன்றுவரை நிறமாலைமானிகளில் தொடர்கிறது.

1887இல் வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் செயலாளர் பொறுப்பு லாங்லிக்குக் கிடைத்தது. 1890இல் அந்நிறுவனத்தின் கொல்லைப்புறத்தில் ஒரு மரக்கொட்டகையில் வானியற்பியல் ஆய்வகத்தைத் தொடங்கினார். நகர வண்டிகளின் அதிர்வு கால்வனோமீட்டரை அலைக்கழித்தது. எனினும் இங்குதான் அவருடைய நிறமாலைமானி முழுமை பெற்றது. முன்பெல்லாம் ஒவ்வொரு புள்ளியாகப் பட்டகத்தைத் திருப்பி, முள்ளின் அசைவைப் படித்து, எழுதிவைக்க வேண்டியிருந்தது. இப்போது ஒரு கடிகாரப் பொறி பட்டகத்தை மெல்லச் சுழற்றியது. அதே பொறி ஒளிப்படத் தகட்டையும் நகர்த்தியது. கால்வனோமீட்டரின் சிறு ஆடியில் பட்டு மீண்ட ஒளிப்புள்ளி, தகட்டின்மீது தானே வளைகோடு வரைந்தது. அவ்வளைகோட்டின் பள்ளங்களே நிறமாலையின் கோடுகள். 1900இல் வெளிவந்த ஆய்வேட்டில், 5.3 மைக்ரோமீட்டர் வரையிலான சூரிய நிறமாலை நூற்றுக்கணக்கான கோடுகளுடன் வரையப்பட்டிருந்தது. அதற்கப்பால் வளிமண்டலத்து நீராவி வழியடைத்தது.

இடையில் நிகழ்ந்த மற்றொன்றையும் இங்குச் சேர்க்கவேண்டும். அலெகெனியில் இருந்தபோது லாங்லி நிலவின் வெப்பக் கதிரையும் அளந்திருந்தார். அவ்வளவீடுகளை எடுத்துக்கொண்ட சுவீடன் அறிஞர் அர்ரீனியஸ், காற்றிலுள்ள கரியமில வாயுவும் நீராவியும் எவ்வளவு வெப்பத்தைத் தடுத்து வைக்கின்றன என்று 1896இல் கணக்கிட்டார். கரியமில வாயு பெருகினால் புவி எவ்வளவு சூடேறும் என்பதற்கான முதல் கணக்கு அது. நிலவை அளக்கச் செய்த முயற்சி புவியைப் பற்றிய செய்தியைத் தந்தது.

ஆற்றில் விழுந்த பொறி

மலையின் உச்சியும் போதவில்லை என்று கண்டவருக்குப் பறக்கும் ஆவல் எழுந்ததில் வியப்பில்லை. லாங்லி அவ்விரண்டையும் சேர்த்து எண்ணினார் என்று சொல்வதற்கில்லை; பறத்தல் அவருக்குத் தனியானதொரு வேட்கை. காற்றில் தகடுகளைச் சுழற்றி, அவற்றைத் தாங்கும் விசையைப் பல ஆண்டுகள் அளந்தார். 1896 மே 6ஆம் நாள், ஆளில்லாத அவருடைய நீராவிப் பொறி போடோமக் ஆற்றின்மேல் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் பறந்தது. தொலைபேசியைக் கண்டறிந்த கிரகாம் பெல் அருகில் நின்று அதனைப் படமெடுத்தார். அவ்வாண்டு நவம்பரில் வேறொரு பொறி அதனினும் நெடுந்தொலைவு சென்றது.

அத்துடன் நின்றிருந்தால் லாங்லியின் முதுமை அமைதியாகக் கழிந்திருக்கும். 1898இல் அரசின் போர்த்துறை, மனிதனைச் சுமக்கும் பொறி செய்ய ஐம்பதாயிரம் டாலர் வழங்கியது. உதவியாளர் சார்லஸ் மேன்லி, அக்காலத்தில் ஈடற்ற 52 குதிரைத்திறன் இயந்திரத்தை உருவாக்கினார். இயந்திரம் சிறந்தது, அதனைத் தாங்கிய உடற்கூடு வலுவற்றது. சிறு பொறியில் தாக்குப்பிடித்த அமைப்பைப் பெரிதாக்கினால் அது அவ்வாறே தாங்கும் என்று நம்பியது பெரும் பிழை. 1903 அக்டோபர் 7ஆம் நாளும் டிசம்பர் 8ஆம் நாளும் படகின் மேலிருந்து உந்தப்பட்ட பொறி, மேன்லியுடன் ஆற்றில் விழுந்தது. இருமுறையும் மேன்லி உயிர்தப்பினார். இரண்டாம் வீழ்ச்சிக்குப்பின் ஒன்பதாம் நாள், டிசம்பர் 17இல், ரைட் உடன்பிறந்தார் பறந்தனர். அவர்களுள் மூத்தவரான வில்பர், பறத்தல் பற்றிய நூல்களை வேண்டி 1899இல் கடிதம் எழுதியது லாங்லியின் ஸ்மித்சோனியன் நிறுவனத்திற்கே. கேட்டவை அனுப்பப்பட்டன.

செய்தித்தாள்கள் லாங்லியை எள்ளி நகையாடின. மக்கள் மன்றத்தில் பொதுப்பணம் வீணானதாகக் குற்றம் சாட்டினர். போர்த்துறை கைவிட்டது. வணிகர் சிலர் பணம் தர முன்வந்தபோதும், அறிவியலை விற்பனைக்காகச் செய்ய விரும்பாத அவர் மறுத்துவிட்டார். 1905இல் பக்கவாதம் தாக்கியது. 1906 பிப்ரவரி 27ஆம் நாள், தென் கரோலினாவின் அய்க்கன் நகரில் அவர் காலமானார். எழுபத்தொரு வயது. மணம் புரியாதவர்.

இறந்தபின்பும் பூசல் ஓயவில்லை. அவருடைய பொறியே பறக்கவல்ல முதல் வானூர்தி என்று ஸ்மித்சோனியன் நிறுவனம் பல ஆண்டுகள் வாதிட்டது. இதனால் மனம்வருந்திய ஆர்வில் ரைட், தம் வானூர்தியை இலண்டன் அருங்காட்சியகத்திற்கு அனுப்பிவிட்டார். நிறுவனம் தன் தவற்றை ஒப்புக்கொண்டபின், 1948இல்தான் அது தாய்நாடு திரும்பியது. லாங்லியின் புகழைக் காக்க எண்ணியோர் அதற்குச் செய்த கேடு இது. போலோமீட்டர் ஒன்றே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

வானூர்தி ஏறிய நிறமாலைமானி

லாங்லியின் இரு வேட்கைகளும் அவர் மறைந்து அறுபது ஆண்டுகளுக்குப் பின்னரே ஒன்றுசேர்ந்தன. 1960களில் வானூர்திகளில் தொலைநோக்கிகளைப் பொருத்தலாயினர். 1974 முதல் 1995 வரை பறந்த கைப்பர் வான்வழி ஆய்வகம் 12 கிலோமீட்டர் உயரத்திற்கு மேல் சென்றது. 1977 மார்ச்சில் யுரேனசைச் சுற்றிய வளையங்களை அது கண்டறிந்த அதே நேரத்தில், நம் திருப்பத்தூர் மாவட்டத்துக் காவலூர்த் தொலைநோக்கியிலும் அதற்கான தடயம் பதிவாயிற்று. பின்வந்த சோஃபியா என்னும் வான்வழி ஆய்வகம், போயிங் 747 வானூர்தியில் அமைந்தது. வளிமண்டல நீராவியில் 99 விழுக்காட்டைக் கீழே விட்டுவிட்டுப் பறந்தது. நிலவின் வெயில்படும் பரப்பிலும் நீர் மூலக்கூறுகள் இருப்பதை அது கண்டறிந்ததாக 2020இல் அறிவிக்கப்பட்டது. 6 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் எடுத்த அளவீடு அது. லாங்லியின் வரைபடம் நின்ற இடத்தைச் சற்றே கடந்த பகுதி.

இந்தியாவில் இப்பணியைச் செய்தது டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம். ஐதராபாத்திலிருந்து ஏவப்படும் பெரும் பலூனில், ஒரு மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கியை அது ஏறத்தாழ 30 கிலோமீட்டர் உயரத்திற்கு அனுப்பியது. அங்கு அளக்கப்பட்டது 158 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள தொலை அகச்சிவப்புக் கதிர். விண்மீன்கள் பிறக்கும் முகில்களில், மின்னூட்டம் பெற்ற கார்பன் அணுக்கள் உமிழ்வது அது. அவ்வலைநீளத்தில் உப்பும் கதவடைத்துவிடும். எனவே ஜப்பானிய அறிஞர்கள் செய்தளித்த நிறமாலைமானியில் பட்டகம் இல்லை. எதிரெதிரே இணையாக நிற்கும் நுண்ணிய உலோக வலைகளுக்கு இடையில் கதிர் முன்னும் பின்னும் மோதி மீளும். வலைகளின் இடைவெளிக்குப் பொருந்தும் அலைநீளம் மட்டும் வெளியேறும்.

இத்தகைய கருவிகளுக்கு மற்றோர் இடையூறும் உண்டு. தொலைநோக்கி தானே இளஞ்சூடாக இருப்பதால், அதுவும் தொலை அகச்சிவப்பில் ஒளிரும். பகலில் விளக்கைத் தேடும் நிலை அது. உணரிகளை நீர்ம ஹீலியத்தால் தனிச்சுழி வெப்பநிலைக்கு அருகே குளிரச்செய்கின்றனர். விண்பொருளையும் அருகிலுள்ள வெறும் வானையும் மாறிமாறிப் பார்த்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கின்றனர். ஒளியில் ஒரு பட்டையும் நிழலில் ஒரு பட்டையும் வைத்து வேறுபாட்டை மட்டும் அளந்த லாங்லியின் முறையே இங்கும் பயன்படுகிறது.

இரவு முழுவதும் அளந்தபின், தரையிலிருந்து வரும் ஆணையால் பலூனிலிருந்து கருவிகள் விடுவிக்கப்படும். பாராசூட்டில் அவை எங்கேனும் ஒரு வயல்வெளியில் வந்திறங்கும். ஆய்வுக்குழுவினர் தேடிச்சென்று, அடிபட்டவற்றைப் பழுதுபார்த்து, அடுத்த ஏவுதலுக்கு அதே தொலைநோக்கியை மீண்டும் ஆயத்தம் செய்வர்.